யாருடைய திசைவேகம், எதைப் பொறுத்து? சார்புத் திசைவேகக் கணக்குகளைக் கற்பித்த அனுபவம்

அறிமுக நிலை இயற்பியலைப் பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் எனக்கு, ஒவ்வொரு புதிய வகுப்பிலும் கண்ணில் படும் ஒன்று உண்டு. நேர்கோட்டு இயக்கச் சமன்பாடுகளைத் தயக்கமின்றிப் பயன்படுத்தும் மாணவர்களும், எறிபொருளின் இயக்கத்தைக் கூறுகளாகப் பிரித்துச் சரியாகக் கணக்கிடும் மாணவர்களும், ஆற்றைக் கடக்கும் படகு வினாத்தாளில் வந்தவுடன் திகைத்து நின்றுவிடுகிறார்கள். இதற்கு முக்கோணவியல் காரணமாக இருக்க முடியாது. அதே மாணவர்கள், இரண்டு கயிறுகளில் தொங்கும் எடையின் விசை முக்கோணத்தைப் பிழையின்றி வரைகிறார்கள். வெக்டர் கூட்டல் விதியையும் அவர்கள் நன்றாகவே அறிவார்கள். அவர்களுடைய விடைத்தாள்களை வரிவரியாகப் படித்த பிறகே காரணம் எனக்குத் தெளிவானது. கணக்கில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு திசைவேகமும் யாருடையது, எதைப் பொறுத்து அளக்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. அந்த இரண்டையும் எழுதவைத்த பிறகு, முக்கோணம் பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே சரியாக அமைந்துவிடுகிறது.

எனவே என் வகுப்பில் படம் வரைவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. கணக்கில் வரும் ஒவ்வொரு திசைவேகத்துக்கும் இரட்டைப் பெயர் எழுத வேண்டும்: முதல் பெயர் நகரும் பொருளுடையது, இரண்டாம் பெயர் எதைப் பொறுத்து அளக்கிறோமோ அதனுடையது. ‘நிலையான நீரில் படகின் வேகம் 5 மீ/வி’ என்று கணக்கு சொன்னால், அது படகு–நீர். ‘ஆறு 3 மீ/வி வேகத்தில் ஓடுகிறது’ என்றால், அது நீர்–கரை. ‘கரையில் நிற்பவர் படகை எந்தத் திசையில் காண்பார்’ என்ற கேள்வி கேட்பது படகு–கரை. வினாக்களை அமைப்பவர்கள் ‘படகின் வேகம்’ என்று மட்டும் எழுதிவிடுவது உண்டு. அப்போது அது நீரைப் பொறுத்ததா, கரையைப் பொறுத்ததா என்பதைச் சூழலிலிருந்து முடிவுசெய்து, அந்த முடிவையும் விடைத்தாளில் எழுத வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். இயந்திரமோ துடுப்போ நீரைத்தான் தள்ளுகிறது என்பதால், படகுக்குத் தன் முயற்சியால் கிடைக்கும் வேகம் எப்போதும் நீரைப் பொறுத்தது. விமானத்துக்குக் காற்றும், நகரும் படிக்கட்டில் நடப்பவருக்குப் படிக்கட்டும் அவ்வாறே.

பெயர்களை எழுதிவிட்டால் கூட்டல் விதி ஒரு சங்கிலியாக மாறுகிறது: படகு–கரை = படகு–நீர் + நீர்–கரை. அருகருகே நிற்கும் இரண்டு ‘நீர்’களும் மறைந்து, ஓரங்களில் நிற்கும் பெயர்கள் மிஞ்சுகின்றன. சங்கிலி பொருந்தவில்லை என்றால் கூட்டக்கூடாது. படகு–நீர் என்பதையும் படகு–கரை என்பதையும் கூட்டினால் எதுவும் கிடைக்காது என்பது பெயர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதனுடன் இன்னொரு விதி மட்டும் போதும்: பெயர்களை இடம் மாற்றினால் அம்பு எதிர்த்திசைக்குத் திரும்பும், அதன் நீளம் மாறாது. கரையைப் பொறுத்து நீர் கிழக்கே 3 மீ/வி செல்கிறது என்றால், நீரைப் பொறுத்து கரை மேற்கே 3 மீ/வி செல்கிறது. இந்த இரண்டு விதிகளையும் வைத்துக்கொண்டால் சார்புத் திசைவேகத்துக்கென்று கழித்தலைத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. கழித்தல் என்பது பெயர்களை மாற்றி எழுதிய ஓர் அம்பைக் கூட்டுவதே.

கீழ் வகுப்புகளிலிருந்து மாணவர்கள் கொண்டுவரும் ஒரு மனப்பாட விதியை இங்கே குறிப்பிட வேண்டும்: ‘ஒரே திசையில் சென்றால் கழி, எதிர்த்திசையில் சென்றால் கூட்டு.’ மணிக்கு 60 கிலோமீட்டரிலும் 40 கிலோமீட்டரிலும் செல்லும் இரண்டு தொடர்வண்டிகளுக்கு 20, 100 என்ற சரியான விடைகளை இது தந்துவிடுவதால், அதன்மேல் ஐயமே எழுவதில்லை. ஆனால் ஒன்று கிழக்கேயும் மற்றொன்று வடக்கேயும் செல்லும்போது இந்த விதிக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அது மட்டுமன்றி, ஆற்றுக் கணக்கில் நீரோட்டத்தின் திசையிலேயே படகு செல்லும்போது 5-ஐயும் 3-ஐயும் கூட்ட வேண்டியிருக்க, ‘ஒரே திசை’ என்பதால் கழித்துவிடுகிறார்கள். தொடர்வண்டிக் கணக்கில் கொடுக்கப்பட்ட இரண்டு வேகங்களும் தரையைப் பொறுத்தவை; ஆற்றுக் கணக்கில் ஒன்று நீரையும் மற்றொன்று கரையையும் பொறுத்தவை. இந்த வேறுபாட்டை அந்த விதி மறைத்துவிடுகிறது. ஆகவே இந்தப் பாடத்தின் முதல் நாளிலேயே அதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

அம்பைத் திருப்பிக் கூட்டுவதை வெறும் குறியீட்டு வேலையாக மாணவர்கள் எண்ணிவிடாமல் இருக்க, ஒரு தாளும் எழுதுகோலும் அளவுகோலும் போதும். மேசைமேல் தாளை விரித்து, அதன் குறுக்கே அளவுகோலை மேசையோடு சேர்த்து அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்கிறார். இன்னொருவர் எழுதுகோலை அளவுகோலின் ஓரமாகத் தன்னிடமிருந்து நேர் எதிரே சீராக நகர்த்துகிறார். அதே நேரத்தில் மூன்றாமவர் தாளை வலப்பக்கமாகச் சீராக இழுக்கிறார். தாளில் விழும் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று முன்கூட்டியே கேட்டால், வலப்பக்கம் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள். தாளை எடுத்துப் பார்த்தால் கோடு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கை மேசையைப் பொறுத்து நேராகத்தான் சென்றது. ஆனால் தாளில் பதிவது கை–தாள். அது கை–மேசை என்பதோடு மேசை–தாள் என்பதைச் சேர்த்தது. தாள் மேசையைப் பொறுத்து வலப்பக்கம் சென்றதால், மேசை தாளைப் பொறுத்து இடப்பக்கம் சென்றிருக்கிறது. இரண்டு வேகங்களும் சமமாக இருந்தால் கோடு 45 பாகை சாயும். இதைத் தங்கள் கையால் செய்து பார்த்தவர்களுக்கு மழைக் கணக்கில் குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்ற குழப்பம் அரிதாகவே வருகிறது.

இனி ஆற்றுக்கு வருவோம். 200 மீட்டர் அகலமுள்ள ஆறு, நீரோட்டம் 3 மீ/வி, நிலையான நீரில் படகின் வேகம் 5 மீ/வி. படகின் முன்முனையை எதிர்க்கரைக்கு நேராக வைத்துச் செலுத்தினால், குறுக்குத் திசையில் 5 மீ/வி முழுவதும் பயன்படுகிறது. கடக்கும் நேரம் 40 வினாடி. அதற்குள் நீர் படகை 120 மீட்டர் கீழே கொண்டுபோயிருக்கும். கரையைப் பொறுத்த வேகம், 5-இன் வர்க்கத்தையும் 3-இன் வர்க்கத்தையும் கூட்டிய 34-இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 5.83 மீ/வி. இரண்டாவது கேள்வி, நேர் எதிரே உள்ள இடத்தை அடைய வேண்டும் என்பது. இப்போது படகு–கரை என்ற அம்பு ஆற்றுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். படகு–நீர் என்ற 5 மீ/வி அம்பு மேல்நோக்கி, அதாவது ஓட்டத்துக்கு எதிராகச் சாய்ந்து, நீரோட்டத்தின் 3-ஐ ஈடுசெய்ய வேண்டும். சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பு 3/5, கோணம் ஏறத்தாழ 37 பாகை. குறுக்கே கிடைக்கும் வேகம் 4 மீ/வி. நேரம் 50 வினாடி.

இந்த இரண்டாவது கேள்விக்கும் 5.83 என்று எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். 3-உம் 5-உம் கண்ணில் பட்டவுடன் பிதாகரஸ் தேற்றத்தை எழுதி, தெரியாததைக் கர்ணமாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் கேள்வியில் 5 என்பது செங்கோணத்தை அடுத்த பக்கம். இரண்டாவதில் அதே 5 தான் கர்ணம். எது கர்ணம் என்பதை எண்களைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. எந்த இரண்டு அம்புகள் ஒன்றுக்கொன்று செங்குத்து என்று பெயர் சொல்லிக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். முதல் கேள்வியில் படகு–நீரும் நீர்–கரையும் செங்குத்து. இரண்டாவதில் படகு–கரையும் நீர்–கரையும் செங்குத்து. இந்த ஒரு வாக்கியத்தை எழுதிய பிறகு பிதாகரஸைத் தொட வேண்டும் என்பது நான் வகுப்பில் விட்டுக்கொடுக்காத ஒழுங்கு.

இங்கே இன்னொரு குழப்பத்தையும் பேச வேண்டும். புத்தகங்கள் அதைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் கருத்து. மாணவர்கள் இரண்டு கரைகளையும் வரைந்து, அவற்றுக்கு நடுவிலேயே திசைவேக அம்புகளையும் வரைகிறார்கள். அம்பின் நுனி எதிர்க்கரையைத் தொடும்படி நீட்டியும் விடுகிறார்கள். பிறகு 200 மீட்டரும் 5 மீ/வியும் ஒரே முக்கோணத்தின் பக்கங்களாகிவிடுகின்றன. முதல் கேள்வியில் இடப்பெயர்ச்சி முக்கோணமும் திசைவேக முக்கோணமும் ஒத்த வடிவ முக்கோணங்கள் என்பதால் விடை தற்செயலாகச் சரியாகிவிடும். அதனால் பிழையும் வெளியே தெரியாது. அடுத்த கணக்கில் அது தலைதூக்கும்போது எங்கே தவறினோம் என்று தெரியாமல் தவிப்பார்கள். ஆகவே எப்போதும் இரண்டு படங்கள் தேவை. ஒன்று மீட்டரில் அளக்கப்படும் இடப்படம். அதில் ஆறும் புறப்படும் இடமும் சேரும் இடமும் இருக்கும். மற்றொன்று மீ/வியில் அளக்கப்படும் திசைவேக முக்கோணம். அதில் கரையோ நீரோ கிடையாது, அம்புகள் மட்டுமே. முதல் படத்திலிருந்து இரண்டாவதற்குக் கடன் வாங்கத்தக்கது திசை ஒன்றுதான்.

நீரோட்டம் வலுத்தால் ஆற்றைக் கடக்க அதிக நேரம் ஆகாதா என்ற கேள்வி எல்லா வகுப்பிலும் எழும். அது நல்ல கேள்வி. முன்முனையை நேராக வைத்துச் செலுத்தும்வரை ஆகாது என்பதே விடை. நீரோட்டம் குறுக்குத் திசையில் எந்தக் கூறும் கொண்டதன்று; அது படகை முன்னும் தள்ளாது, பின்னும் இழுக்காது. 3 மீ/விக்குப் பதிலாக 6 மீ/வி ஓடினாலும் அதே 40 வினாடிதான். இறங்கும் இடம் மட்டும் 120-லிருந்து 240 மீட்டருக்குத் தள்ளிப்போகும். நேர் எதிரே சேர வேண்டும் என்று நாம் விதிக்கும் நிபந்தனையே, படகின் வேகத்தில் ஒரு பகுதியை நீரோட்டத்தை ஈடுசெய்யச் செலவிடவைத்து, நேரத்தைக் கூட்டுகிறது.

எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு பார்வையை இனி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். சார்புத் திசைவேகக் கணக்கு எதுவானாலும் அதில் மூன்று அம்புகள் உள்ளன. ஒவ்வோர் அம்புக்கும் எண்மதிப்பும் திசையும் உண்டு. ஆக மொத்தம் ஆறு தகவல்கள். தளத்தில் வெக்டர் சமன்பாடு ஒன்று இரண்டு சாதாரணச் சமன்பாடுகளுக்குச் சமம் என்பதால், ஆறில் நான்கு தெரிந்தால் மீதி இரண்டைக் கண்டுபிடிக்கலாம். அறிமுக நிலையில் வரும் கணக்குகள் எல்லாம் எந்த நான்கைக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வேறுபடுகின்றன. இரண்டு அம்புகளை முழுமையாகக் கொடுத்தால் அது எளிய கூட்டல். முன்முனையை நேராக வைத்த படகு அந்த வகை. ஓர் அம்பை முழுமையாகவும், இன்னொன்றின் எண்மதிப்பை மட்டும், மூன்றாவதன் திசையை மட்டும் கொடுத்தால், அது ‘எந்தப் பக்கம் செலுத்த வேண்டும்’ என்று கேட்கும் கணக்கு. நேர் எதிரே சேர வேண்டிய படகும், குறிப்பிட்ட ஊருக்குப் பறக்க வேண்டிய விமானமும் இந்த வகை. மாணவர்களிடம் மூன்று வரிசையும் இரண்டு பத்தியும் கொண்ட சிறிய அட்டவணையை வரைந்து, தெரிந்தவற்றை நிரப்பச் சொல்கிறேன். நான்கு இடங்கள் நிரம்பவில்லை என்றால், கணக்கில் ஏதோ ஒரு சொற்றொடரைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள்; பெரும்பாலும் ‘நேர் எதிரே’, ‘வடக்கு நோக்கிய பாதையில்’ போன்ற ஒரு திசைக் குறிப்பாக அது இருக்கும்.

இரண்டாவது வகைக் கணக்கைக் கவராயத்தால் தீர்க்கலாம். நீர்–கரை அம்பை அளவுப்படி வரைந்துகொள்ளுங்கள். 1 சென்டிமீட்டர் 1 மீ/வி என்று வைத்தால் 3 சென்டிமீட்டர். அதன் நுனியில் கவராயத்தின் முள்ளை வைத்து 5 சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் வரையுங்கள். படகு எந்தப் பக்கம் முகம் திருப்பினாலும், படகு–கரை அம்பின் நுனி அந்த வட்டத்தில் எங்காவதுதான் இருக்கும். புறப்பட்ட புள்ளியிலிருந்து விரும்பிய திசையில் ஒரு கோடு இழுத்தால், அது வட்டத்தை வெட்டும் இடமே விடை. கோணமானியால் அளந்தால் 37 பாகைக்கு மிக அருகில் கிடைக்கும். நீரோட்டம் படகைவிட மெதுவாக இருக்கும்வரை புறப்பட்ட புள்ளி வட்டத்துக்கு உள்ளேயே இருப்பதால், எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் ஓரிடத்தில் வெட்டும். அதாவது எந்தத் திசையிலும் செல்லலாம்.

நீரோட்டத்தை 6 மீ/வி ஆக்கினால் படம் மாறிவிடுகிறது. புறப்பட்ட புள்ளி இப்போது வட்டத்துக்கு வெளியே. நேர் எதிரே இழுக்கும் கோடு வட்டத்தைத் தொடுவதே இல்லை. எவ்வளவு திறமையாகச் செலுத்தினாலும் நேர் எதிரே சேர முடியாது. அப்படியானால் மிகக் குறைவாக அடித்துச் செல்லப்படுவது எப்படி? வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்தால் விடை தெரியும். தொடுகோடு ஆரத்துக்குச் செங்குத்து என்பதால், படகு–கரையும் படகு–நீரும் செங்குத்தாகின்றன. ஆற்றின் குறுக்குத் திசையிலிருந்து மேல்நோக்கிச் சாயும் கோணத்தின் சைன் மதிப்பு 5/6, கோணம் 56.4 பாகை. குறுக்கு வேகம் ஏறத்தாழ 2.76 மீ/வி, நேரம் ஏறத்தாழ 72 வினாடி, கீழே தள்ளப்படும் தொலைவு ஏறத்தாழ 133 மீட்டர். முன்முனையை நேராக வைத்திருந்தால் 240 மீட்டர் தள்ளப்பட்டிருக்கும். இதே விடையை வகை நுண்கணிதத்தில் சிறும மதிப்புக் கண்டும் பெறலாம். ஆனால் தொடுகோட்டைக் கண்ணால் கண்ட மாணவர், அந்தக் கோணத்துக்கு அப்பால் வழியே இல்லை என்பதையும் சேர்த்து உணர்கிறார். அதனால்தான் நுண்கணிதத்துக்கு முன்னால் கவராயத்தைக் கொடுக்கிறேன்.

விமானக் கணக்கு இதே முக்கோணம்தான். காற்றைப் பொறுத்து மணிக்கு 250 கிலோமீட்டர் செல்லும் விமானம் நேர் வடக்கே உள்ள ஊரை அடைய வேண்டும். மேற்குக் காற்று மணிக்கு 70 கிலோமீட்டர். மேற்குக் காற்று என்பது மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுவது. அம்பைத் தலைகீழாக வரைந்துவிடாமல் இருக்க இதை முதலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். விமானம் வடக்கிலிருந்து மேற்காக 16.3 பாகை திரும்பிப் பறக்க வேண்டும். தரையைப் பொறுத்த வேகம் மணிக்கு 240 கிலோமீட்டர். ஊர் 720 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போக 3 மணி நேரம், வர 3 மணி நேரம். இப்போது அதே காற்று பாதையின் நெடுகே வீசுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வழியில் மணிக்கு 320, மறு வழியில் 180, மொத்தம் 6.25 மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் 5.76 மணி நேரம். போகும்போது இழந்தது வரும்போது ஈடாகிவிடும் என்று எண்ணும் மாணவர்கள் இந்த மூன்று எண்களையும் தாங்களே கணக்கிட வேண்டும். நெடுகே வீசும் காற்றும் குறுக்கே வீசும் காற்றும் போய்வரும் நேரத்தை வெவ்வேறு அளவில் கூட்டுகின்றன என்ற இந்த வேறுபாட்டைத்தான், அறிவியலாளர்கள் மைக்கேல்சனும் மார்லியும் 1887-இல் ஒளியை வைத்துத் தேடினார்கள். ஒளியைச் சுமப்பதாக அக்காலத்தில் கருதப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தின் வழியே பூமி செல்கிறது என்றால், இரண்டு திசைகளில் போய்வரும் ஒளிக்கு நேர வேறுபாடு இருக்க வேண்டும். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை.

காற்று சாய்வாக வீசினால் செங்கோண முக்கோணம் கிடைக்காது. அப்போது சைன் விதியைத் தேடி ஓடுவதைவிட, எல்லா அம்புகளையும் கிழக்கு, வடக்கு எனக் கூறுகளாகப் பிரித்து, இரண்டு சமன்பாடுகளை எழுதுவதே நல்லது. இதைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல எதுவுமில்லை, பழகினால் வந்துவிடும்.

மழைக் கணக்கில் நேர் வடிவத்தைவிடத் தலைகீழ் வடிவமே கற்பிக்கத் தகுந்தது. வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு மழை நேர் செங்குத்தாக விழுவதுபோல் தெரிகிறது. அவரே அதே திசையில் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் மிதிவண்டியில் செல்லும்போது, மழை முன்பக்கத்திலிருந்து 45 பாகை சாய்வில் முகத்தில் அடிக்கிறது. தரையைப் பொறுத்து மழையின் திசைவேகம் என்ன? மழை–தரை = மழை–மனிதர் + மனிதர்–தரை. முதல் கூற்றில் மழை–மனிதர் அம்புக்குக் கிடைக்கூறு இல்லை. எனவே மழை–தரை அம்பின் கிடைக்கூறு அவர் செல்லும் திசையிலேயே 2 மீ/வி. இரண்டாவதில் மழை–மனிதர் அம்பின் கிடைக்கூறு 2 − 6 = −4; சாய்வு 45 பாகை என்பதால் செங்குத்துக் கூறும் 4 மீ/வி. ஆகவே மழை ஏறத்தாழ 4.5 மீ/வி வேகத்தில், செங்குத்திலிருந்து ஏறத்தாழ 27 பாகை சாய்ந்து விழுகிறது. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நிலையான காற்றில் ஏறத்தாழ 4 மீ/வி என்ற முற்றுத் திசைவேகத்தில் (காற்றின் தடையால் அதற்குமேல் கூடாத வேகத்தில்) விழும் என்பதால், இந்த எண்கள் இயற்கைக்கும் பொருந்துகின்றன. மழையின் வேகத்தை மணிக்கு 3 கிலோமீட்டர் என்று கொடுக்கும் கணக்குகளை நான் மாற்றி அமைத்தே கொடுக்கிறேன். விடையின் அளவைக் கொண்டு அதன் நம்பகத்தன்மையை எடைபோடும் பழக்கம், இத்தகைய எண்களால் மழுங்கிவிடுகிறது.

இதே முக்கோணம் வானியலில் பெரிய வேலை செய்திருக்கிறது. ஜேம்ஸ் பிராட்லி 1725-இல் காமா டிராகோனிஸ் என்ற விண்மீனைக் கூர்ந்து நோக்கத் தொடங்கினார். அதன் இடம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக மாறிவருவதைக் கண்டு, அதற்கான விளக்கத்தை 1729-இல் வெளியிட்டார். பூமி சூரியனைச் சுற்றி வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். ஓடுபவர் குடையை முன்னே சாய்ப்பதுபோல, தொலைநோக்கியையும் பூமி செல்லும் திசையில் மிகச் சிறிது சாய்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாய்வின் டேன்ஜென்ட் மதிப்பு 30/3,00,000, அதாவது 1/10,000. கோணம் ஏறத்தாழ 20.5 வில்வினாடி (ஒரு வில்வினாடி என்பது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு). மழைக் கணக்கைச் செய்து முடித்த மாணவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் கொடுத்து, அந்தக் கோணத்தை அவர்களையே கண்டுபிடிக்கச் செய்வதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டு.

இரண்டு கப்பல்கள் எவ்வளவு நெருங்கும் என்ற கணக்கில்தான் சார்புத் திசைவேகத்தின் முழுப் பயனும் வெளிப்படுகிறது. முதல் கப்பல் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே செல்கிறது. அதற்கு நேர் கிழக்கே 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இரண்டாவது கப்பல், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் வடக்கே செல்கிறது. பாதைகள் சந்திக்கும் இடத்தை முதல் கப்பல் அடையும்போதுதான் அவை மிக நெருங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்கு 37.5 நிமிடம் ஆகும். அப்போது இடைவெளி 7.5 கிலோமீட்டர். முதல் கப்பலை நிலையானதாக வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். இரண்டாவது கப்பலின் சார்புத் திசைவேகம் மேற்கே 16, வடக்கே 12. எண்மதிப்பு மணிக்கு 20 கிலோமீட்டர். அது ஒரு நேர்கோடு; முதல் கப்பலிலிருந்து அந்தக் கோட்டுக்கு இறக்கிய செங்குத்தின் நீளம் 10 × 12/20 = 6 கிலோமீட்டர். அந்தக் கோட்டில் கடக்க வேண்டியது 8 கிலோமீட்டர். நேரம் 24 நிமிடம். தரையில் இரண்டு கோடுகளாக இருந்த சிக்கல் ஒரு புள்ளியும் ஒரு கோடுமாகிவிடுகிறது. அந்தக் கோடு புள்ளியின் வழியாகவே சென்றால் மோதல். அப்போது மற்ற கப்பல் தெரியும் திசை மாறாமலிருக்க, தொலைவு மட்டும் குறைந்துகொண்டே வரும். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 7-ஆவது விதி இதையே சொல்கிறது: நெருங்கிவரும் கப்பலின் திசைக்கோணம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை என்றால், மோதும் ஆபத்து இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

எந்தக் குறிப்பாயத்தில், அதாவது எதை நிலையானதாகக் கொண்டு அளக்கிறோமோ அதில், நின்று பார்ப்பது என்பது நம் உரிமை. சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறைக்குள் எந்தச் சோதனை செய்தாலும் கப்பல் நகர்வது தெரியாது என்று கலிலியோ 1632-இல் எழுதியதன் நடைமுறைப் பயன் இதுதான். நீரோட்டத்தை எதிர்த்துத் துடுப்புப் போடும் படகிலிருந்து ஒரு புட்டி விழுகிறது. 10 நிமிடம் கழித்துப் படகோட்டி அதை அறிந்து திரும்பி, அதே உழைப்புடன் துடுப்புப் போட்டு, விழுந்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டர் கீழே புட்டியை எடுக்கிறார். நீரோட்டத்தின் வேகம் என்ன? கரையிலிருந்து பார்த்தால் சமன்பாடுகள் நீளும். நீரிலிருந்து பார்த்தால் புட்டி அசையவே இல்லை. படகு 10 நிமிடம் விலகிச் சென்றது, எனவே 10 நிமிடத்தில் திரும்பி வந்தது. ஆக 20 நிமிடத்தில் நீர் 1 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மணிக்கு 3 கிலோமீட்டர். படகின் வேகம் தேவைப்படவே இல்லை.

இந்தக் கூட்டலுக்கு எல்லை உண்டு என்பதையும் அறிமுக நிலையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது நேர்மை. 1905-இல் ஐன்ஸ்டீன் தந்த விதிப்படி, ஒளியின் வேகத்தில் பாதி வேகத்தில் செல்லும் கலத்திலிருந்து, அதைப் பொறுத்து அதே பாதி வேகத்தில் முன்னோக்கி ஏவப்படும் பொருள், தரையைப் பொறுத்து ஒளியின் வேகத்தில் 0.8 பங்கு வேகத்தில்தான் செல்லும். படகுகளுக்கும் விமானங்களுக்கும் அந்தத் திருத்தம் அளக்கவே முடியாத அளவு சிறியது.

விடையைச் சரிபார்க்க இரண்டு வழிகளைப் பரிந்துரைக்கிறேன். முதலாவது எல்லைச் சோதனை: 5-உம் 3-உம் எந்தக் கோணத்தில் கூடினாலும் தொகுபயன் 2-க்கும் 8-க்கும் இடையில்தான் இருக்கும், நீரோட்டத்தைச் சுழியாக்கினால் விடை நிலையான நீரின் விடையாக மாற வேண்டும். இரண்டாவது, அதே கணக்கை வேறொரு குறிப்பாயத்திலிருந்து மறுபடி செய்வது. நேர் எதிரே சேர்ந்த படகை எடுத்துக்கொள்ளுங்கள். நீரிலிருந்து பார்த்தால், 50 வினாடியில் படகு 5 மீ/வி வேகத்தில் 250 மீட்டர் சென்றிருக்கிறது. அதே 50 வினாடியில் கரையும் அதிலுள்ள இறங்குதுறையும் ஓட்டத்துக்கு எதிராக 150 மீட்டர் நகர்ந்திருக்கின்றன. ஆற்றின் அகலம் 200 மீட்டர். 150-இன் வர்க்கம் 22,500; 200-இன் வர்க்கம் 40,000; கூட்டினால் 62,500, அது 250-இன் வர்க்கம்.